எத்தனை பீடி?

"ஒரு நாளைக்கு எத்தனை பீடி பெரியவரே?"

"பழக்கமில்லீங்க."

"முன்னாடி?"

"எப்பவுமே இல்லீங்க."

மருத்துவர் அப்பாவை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. சின்ன வயதிலிருந்தே அப்பாவின் காக்கிச் சட்டையில் புகை வாடை அடிக்கும். அம்மா துவைக்கப் போடும்முன் முகர்ந்து பார்த்து, "சைலன்சர் நாத்தம்தான்" என்பாள். அந்த நாற்றத்துக்குள் பீடி நாற்றத்தை ஒளிப்பது சுலபம் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அப்பா மதுரைப் பக்கம் ஒரு பஸ் டிப்போவில் மெக்கானிக். 1978 முதல் 2011 வரை 33 வருடம், பாதிக்குமேல் நைட் ஷிப்ட். பரீட்சைக் காலத்தில் விடிகாலையில் எழுந்து படிக்கும்போது அவருக்கு காபி கொண்டுபோவேன். நாலரை மணிக்கு எல்லா வண்டிகளும் ஒன்றாக உறுமிக்கொண்டு நிற்கும். பிரேக்குக்குக் காற்று ஏறும்வரை வண்டியை எடுக்க முடியாது. ஷெட்டுக் கூரைக்குக் கீழே ட்யூப்லைட்டே மங்கலாகத் தெரியும். அந்தப் புகைக்குள் அப்பா ஒவ்வொரு வண்டியின் பின்னாலும் குனிந்து நிற்பார். உள்ளங்கையைக் குழாய் முன்னால் காட்டி முகர்வார்.

"கறுப்பா தள்ளுச்சுன்னா நாசில், இல்ல ஏர் ஃபில்டர் அடைப்பு. நீலமா வந்தா ஆயில் எரியுது. வெள்ளைன்னா கொஞ்சம் பொறு, இஞ்சின் சூடானதும் நிக்குதான்னு பாரு."

அவருக்குப் புகை ஒரு பாஷை. காலையில் பல் தேய்க்கும்போது கறுப்பாகத் துப்புவார். வெல்லம் தின்றால் எல்லாம் இறங்கிவிடும் என்று டிப்போவில் எல்லோரும் நம்பினார்கள். வெல்லம் இரைப்பைக்குப் போகும் வழி வேறு, புகை நுரையீரலுக்குப் போகும் வழி வேறு என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. மூக்கில் கட்டிய துண்டும் பிரயோசனமில்லை. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். டீசல் கரித்துகளில் பெரும்பகுதி ஒரு மைக்ரானுக்கும் குறைவு, எந்தத் துண்டிலும் நுழைந்துவிடும்.

டீசல் புகை புற்றுநோய் தரக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988இல் சொன்னது. 2012 ஜூனில் 'தரும்' என்று உறுதியாகவே அறிவித்தது. சுரங்கத்தில் டீசல் இயந்திரங்களோடு வேலை செய்தவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு அதற்கு முக்கியமான சான்று. அப்பா ஓய்வு பெற்று அப்போது ஒரு வருடம். அவருக்குப் புற்றுநோய் இல்லை. மூச்சுக்குழல்தான் சுருங்கிவிட்டது.

ஊதும் பரிசோதனைக்கு அழைத்துப் போனோம். "இழுங்க ஐயா... ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க!" என்று அந்தப் பெண் கத்தினாள். ஊதும் மொத்தக் காற்றில் 70 சதவீதமாவது முதல் வினாடியிலேயே வெளியே வரவேண்டுமாம். அப்பாவுக்கு 51. நாற்காலியைப் பிடித்தபடி, "நல்லா ஊதினேனா?" என்று கேட்டார்.

விவரத்தாளை வீட்டுக்கு வந்துதான் படித்தேன். புகைப்பழக்கம்: உண்டு. தொழில்: ரிட்டயர்டு.

மறுநாள் தனியாகப் போய்த் திருத்தச் சொன்னேன். "ரெண்டுக்கும் மருந்து ஒண்ணுதானே சார், அதுல என்ன இருக்கு?" என்றார் நர்ஸ். திருத்தித் தரும்வரை அங்கேயே நின்றேன். தொழில் என்ற இடத்தில் 'பஸ் மெக்கானிக், 33 வருடம்' என்று எழுதவைத்தேன். முதல் நாளே அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டியது.

அடுத்த முறை ஆட்டோவில் திரும்பும்போது சிக்னலில் முன்னால் ஒரு பழைய பஸ் கறுப்பாகத் தள்ளியது. பதறிப்போய் துண்டை எடுத்து அவர் முகத்தை மூடினேன். அப்பா அதை விலக்கிவிட்டு எட்டிப் பார்த்தார்.

"ஏர் ஃபில்டரா இருக்கும்" என்றார். இருமல் வந்தது.