மலை ஏற்றமும் மழைக் கண்ணாடியும்

கல்லாற்றிலிருந்து குன்னூருக்கு ஏறுகிற மலைப்பாதையில், ஐப்பசி கார்த்திகை மாதங்களின் அடைமழைக்கு நடுவே, பழைய அமெரிக்க லாரிகளை ஓட்டிப் பிழைத்தவர்களில் இன்று மிஞ்சியிருப்பவர் எவரைக் கேட்டாலும், அந்த வண்டிகளின் உறுதியை ஓயாமல் புகழ்ந்துவிட்டுக் கடைசியில் ஒரு குறையைச் சொல்லாமல் விடமாட்டார். சமதரையில் சுறுசுறுப்பாகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வரும் வைப்பர், மேடு ஏறத் தொடங்கியதும் சோர்ந்து, கொண்டை ஊசி வளைவில் திரும்புகிற சமயம் பார்த்து அடியோடு நின்றுவிடும் என்பதே அந்தக் குறை. மழை வலுக்கிற இடமும் பாதை செங்குத்தாகிற இடமும் அநேகமாக ஒன்றாகவே இருந்துவிடுவதால், பார்வை மிகவும் அவசியமான நேரத்தில் டிரைவருக்குக் கண் மறைந்தது. கண்ணாடியில் புகையிலையைத் தேய்த்து வைத்தால் நீர் திரளாமல் வழிந்தோடும் என்ற கைவைத்தியம் லாரிக்காரர்களிடையே பரவியிருந்ததற்கு இந்தச் சங்கடமும் ஒரு காரணம் என்று எண்ணுகிறேன்.

இதற்குக் காரணம் அந்த வைப்பரின் அமைப்பிலேயே இருந்தது. மின்சாரத்தோடு அதற்கு எவ்விதச் சம்பந்தமும் இல்லை. என்ஜின் காற்றை உள்ளே இழுக்கும்போது இன்லெட் மேனிஃபோல்டில் உண்டாகும் உறிஞ்சுசக்தியை ஒரு ரப்பர் ஹோஸ் வழியாக டேஷ்போர்டுக்குப் பின்னே இருக்கும் சிறு பெட்டிக்குக் கொண்டுவந்து, அதற்குள் இருக்கும் தகட்டின் இரு பக்கங்களிலும் மாறி மாறிச் செலுத்தினால், தகடு இப்படியும் அப்படியுமாக அசையும். அந்த அசைவு கம்பிகளின் வழியே வைப்பர் கைகளைச் சென்றடையும். ஆக்ஸிலேட்டரில் கால் வைக்காமல் என்ஜின் சும்மா ஓடும்போது, இந்த உறிஞ்சுசக்தி பாதரச அளவில் ஏறக்குறைய 18 முதல் 20 அங்குலம் வரை இருக்கும். ஏற்றத்துக்காகக் காலை முழுக்க அழுத்தினாலோ, கார்புரேட்டரின் வாய் அகலத் திறந்துகொள்ள, அது இருக்குமிடம் தெரியாமல் போய்விடும். போதாக்குறைக்கு, ஒவ்வோர் ஆயிரம் அடி உயரமும் சுமார் ஓர் அங்குலத்தை விழுங்கும். குன்னூரோ கடல் மட்டத்துக்கு மேல் ஆறாயிரம் அடியில் இருக்கிறது. ஆகையால், என்ஜின் நிம்மதியாக இருக்கும்போது மட்டும் வேலை செய்வதும், அது பாடுபடும்போது கைவிட்டுவிடுவதும் அந்தச் சாதனத்தின் ஸ்வபாவமாகவே அமைந்துவிட்டது.

அந்த ஸ்வபாவத்தை மாற்றும் வேலையைத்தான் கோயமுத்தூரில், மேட்டுப்பாளையம் ரோட்டில் கவுண்டம்பாளையத்துக்கு அருகே உள்ள ஒரு பட்டறையில் இருந்து பார்த்தேன். 1951ஆம் வருஷத்துச் செவர்லே பிக்கப் ஒன்று, பச்சை வர்ணம் மங்கி, முகப்பின் இரண்டு தட்டைக் கண்ணாடிகளும் நடுச்சட்டமும் பழுதில்லாமல், குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து அங்கே வந்திருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1928 முதல் பம்பாய் சிவ்ரியில் செவர்லே வண்டிகளைப் பூட்டி விற்று, 1954இல் அத்தொழிலை நிறுத்திக்கொண்டது என்பதை நினைத்தால், இத்தகைய வண்டிகள் இந்நாட்டு மண்ணில் எத்தனை காலம் உழைத்தவை என்பது விளங்கும். உரிமையாளருக்கு இரண்டு விருப்பங்கள் இருந்தன: மழைக்காலத்திலும் தோட்டத்துக்கும் ஊருக்கும் இடையே இதை ஓட்ட வேண்டும், வண்டியில் ஒரு புதுத் துவாரம்கூடப் போடக்கூடாது. இவ்விரண்டும் ஒன்றோடொன்று முரண்படுபவை என்று எனக்குத் தோன்றியது. பட்டறை மேஸ்திரிக்கு அப்படித் தோன்றவில்லை.

வைப்பரின் சரித்திரம் நீண்டதன்று. அலபாமாவைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் என்ற பெண்மணி, வண்டிக்குள் இருந்தபடியே கைப்பிடியால் இயக்கித் துடைக்கும் சாதனத்துக்கு 1903இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். பின்னர் என்ஜினின் உறிஞ்சுசக்தியால் இயங்கும் வகை வந்து பல்லாண்டுகள் கோலோச்சிற்று. மின்சார மோட்டார் அதை விரட்டிய பிறகு, 1961இல் ஏற்பட்ட லூகாஸ் டிவிஎஸ் கம்பெனி சென்னைப் பாடியில் நமக்கு வேண்டிய வைப்பர் மோட்டார்களைச் செய்யத் தொடங்கியதால், இன்று எந்த உதிரிபாகக் கடையிலும் 12 வோல்ட் மோட்டாருக்குப் பஞ்சமில்லை. சிக்கல் அந்தப் பன்னிரண்டில்தான் இருக்கிறது. இந்தச் செவர்லேயின் பாட்டரி 6 வோல்ட்.

"பன்னெண்டுக்கு மாத்திப்போட்டா நம்ம வேலை சுளுவுங்க. ஆனா பாட்டரியோட நிக்காது; டைனமோவை மாத்தோணும், ஹாரனை மாத்தோணும், பல்பு அத்தனையும் மாத்தோணும், பெட்ரோல் முள்ளுக்குத் தனியா ஒரு ஏற்பாடு செய்யோணும். ஒரு வைப்பருக்காக வண்டியவே மாத்துறதாயிரும்" என்றார் மேஸ்திரி. அவர் கண்ட மாற்று உபாயம், கோயமுத்தூரைத் தவிர வேறோர் ஊரில் அத்தனை எளிதாகத் தோன்றியிருக்காது. ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் 1937இல் மின்சார மோட்டாரை உள்நாட்டிலேயே உருவாக்கிய நகரம் அது. மோட்டாருக்குக் கம்பி சுற்றுவது அங்கே தெருவுக்குத் தெரு நடக்கிற குடிசைத்தொழிலைப் போன்றது. ஆகவே, கடையில் கிடைக்கும் 12 வோல்ட் மோட்டாரை வாங்கி, அதன் ஆர்மேச்சரை 6 வோல்ட்டுக்கு மறுபடி சுற்றிவிடலாம் என்று முடிவு செய்து, கணபதியில் உள்ள ஒரு வைண்டிங் கடைக்கு என்னையும் அழைத்துச் சென்றார்.

அங்கே அந்த வேலையைச் செய்தவர் நடுத்தர வயதுப் பெண்மணி. பட்டறைப் பையன்கள் அவரை அக்கா என்று அழைத்தார்கள். மேசையின் மேல் ஆர்மேச்சரைக் கிடத்தி, கடையின் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றைத் திறந்துவைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஸ்லாட்டிலும் கம்பி எந்தப் பக்கமாக இறங்கி எந்தப் பக்கமாக ஏறுகிறது, கம்யூட்டேட்டரின் எந்தத் தகட்டில் போய் முடிகிறது என்பதையெல்லாம் அவர் படமாக வரைந்துகொண்டார். பிறகு ஒரு காயிலை மட்டும் நிதானமாகப் பிரித்துச் சுற்றுகளை எண்ணினார், இருபத்திரண்டு இருந்தன. "அறுக்கறதுக்கு முந்தி எண்ணிப்போடோணுங்க. அறுத்துப்போட்டா அப்புறம் யாரைப் போய்க் கேக்கறது?" என்றபடி அந்த எண்ணையும், கம்பியின் கேஜையும், தேதியையும் எழுதிய பிறகே கத்தியை எடுத்தார்.

வோல்டேஜ் பாதியாகும்போது சுற்றுகளும் பாதியாக வேண்டும்; மின்னோட்டம் இரட்டிப்பாவதால் கம்பியின் குறுக்களவும் இரட்டிப்பாக வேண்டும். இந்தக் கணக்கை அவர் காகிதத்தில் போடவில்லை. அதே 24 கேஜ் கம்பியை இரண்டு உருளைகளிலிருந்து சேர்த்து இழுத்து, ஒரே கம்பியாகப் பாவித்து, ஒவ்வொரு காயிலுக்கும் பதினோரு சுற்றுகள் போட்டார். ஸ்லாட்டுக்குள் ஒரு காயிலின் இருபத்திரண்டு கம்பிகள் முன்பு அடைத்திருந்த இடத்தை இப்போதும் அதே இருபத்திரண்டு அடைத்துக்கொண்டதால், நெருக்கமும் மாறவில்லை, தளர்வும் உண்டாகவில்லை. லெதராய்டு காகிதத்தை ஸ்லாட்டின் உதட்டுக்கு மேல் மடித்து, மூங்கில் சிம்பால் அழுத்தும்போது, கம்பியின் எனாமல் உரிந்துவிடாதபடி அவருடைய கட்டைவிரல் நகம் எப்போதும் சிம்புக்கும் கம்பிக்கும் இடையே காவலாக நின்றது. அந்த நகத்தின் ஓரம் தேய்ந்து வளைந்திருந்ததைப் பார்த்தேன்.

சுற்றி முடித்து, முனைகளைக் கம்யூட்டேட்டரில் ஈயப்பற்று வைத்துச் சேர்த்ததும் பரீட்சை நடந்தது. குரோலர் என்ற மின்காந்தத்தின் மேல் ஆர்மேச்சரை வைத்துச் சிறிது சிறிதாகத் திருப்பியவாறு, ஹாக்ஸா பிளேடு ஒன்றை ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் மேலே அவர் பிடித்து வந்தார். உள்ளே எங்காவது சுற்றோடு சுற்று ஒட்டியிருந்தால், பிளேடு இழுபட்டு 'கிர்ர்' என்று அதிர்ந்து காட்டிக்கொடுத்துவிடும். ஒரு முழுச் சுற்று திரும்பும்வரை கடையில் யாரும் பேசவில்லை. பிளேடு அதிரவில்லை. வார்னிஷில் முக்கி அடுப்பில் உலர வைப்பதற்கு முன், "பிரஷ் பழசு போதாதுங்க, தாமிரம் சேந்த பிரஷ்ஷா போடச் சொல்லுங்க, கரண்டு ரெட்டையா போகுது" என்று மேஸ்திரிக்கு நினைவூட்டினார். மேஸ்திரி அதை முன்பே வாங்கிச் சட்டைப்பையில் வைத்திருந்தார்.

இதற்குப் பின் பட்டறையில் நடந்த வேலை வேறு தினுசான அறிவைக் கேட்டது. பழைய வேக்குவம் பெட்டியின் அச்சு தானாகவே இருபுறமும் ஊசலாடுவது. மின்சார மோட்டாரின் அச்சோ ஒரே திசையில் சுற்றிக்கொண்டிருப்பது. சுழற்சியை ஊசலாக மாற்ற நடுவே ஒரு கிராங்க் வேண்டும்; அதன் நீளம் சற்றுக் கூடினால் வைப்பர் கண்ணாடியின் சட்டத்தில் போய் மோதும், சற்றுக் குறைந்தால் டிரைவரின் பார்வைக்கு நேரே துடைக்கப்படாத பட்டை ஒன்று நிற்கும். மேஸ்திரி முதலில் தடித்த அட்டையில் கிராங்கை வெட்டி, ஆணி குத்தி, கையால் திருப்பிப் பார்த்தார். அட்டை சொன்ன நீளத்தில் இரும்புத் தகட்டை அறுத்து, சாக்பீஸ் கரைத்த தண்ணீரைக் கண்ணாடியில் பூசி, துடைப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை வெண்மையில் விழுந்த வளைவைக் கொண்டு அளந்தார். பின்பு அரத்தால் துவாரத்தை ஒரு மயிரிழை நகர்த்தி மறுபடி பூசினார். பிடிமானம் தளர்ந்திருந்த பழைய அச்சுகளுக்கு லேத்தில் கன்மெட்டல் புஷ் கடைந்து போட்டதால், வைப்பர் கைகளின் ஆட்டமும் அடங்கிற்று.

மோட்டாரைத் தாங்கும் பிராக்கெட்டை அமைத்த விதத்தில்தான் உரிமையாளரின் இரண்டாவது விருப்பம் நிறைவேறியது. வேக்குவம் பெட்டி இருந்த அதே திருகுத் துவாரங்களில் பொருந்துமாறு 3 மில்லிமீட்டர் தகட்டை வளைத்து, கிடைத்த குறுகிய இடத்துக்குள் மோட்டாரைக் குறுக்காகப் படுக்க வைத்திருந்தார்கள். எர்த் பிடிப்பதற்காக டேஷ்போர்டின் வர்ணத்தைச் சுரண்டுவது சகஜம். ஒயரிங் வேலை செய்த இளைஞர் அதைத் தவிர்த்து, பாட்டரி வரைக்கும் தனி ஒயர் ஒன்றை இழுத்தார். மின்னோட்டம் அதிகமென்பதால் தடித்த ஒயரும் தனி ஃபியூஸும் வைத்தார். சுவிட்சை அணைத்த பிறகும், கியருக்குள் இருக்கும் தகட்டின் வெட்டுவாய் வந்து சேரும்வரை மோட்டாருக்கு மின்சாரம் போய்க்கொண்டிருந்து, வைப்பர் கைகள் கண்ணாடியின் அடியில் படுத்த பின்னரே நிற்கும்படியான இணைப்பையும் அவர் விட்டுவிடவில்லை. மேனிஃபோல்டில் பழைய ஹோஸ் பூட்டியிருந்த துவாரம் திறந்து கிடந்தால் அதன் வழியே காற்றை உறிஞ்சி என்ஜின் தள்ளாடும் என்பதால், மேஸ்திரி அதற்குப் பித்தளைத் திருகு ஒன்று போட்டு அடைத்தார். கழற்றிய பெட்டி, ஹோஸ், திருகுகள் யாவும் துடைத்து எண்ணெய் தடவித் துணியில் சுற்றி, இன்னது இன்ன இடத்தது என்று எழுதிய சீட்டுடன் இருக்கைக்கு அடியில் இடம் பெற்றன. நாளைக்கு யாரேனும் இந்த வண்டியைப் பழையபடி பார்க்க ஆசைப்பட்டால், ஒரு ஸ்பேனரும் ஒரு பிற்பகலும் போதும்.

மலையேறிப் பார்க்கும் நாள் வந்தபோது, இதே வண்டியைத் தோட்டத்துக்காகப் பல்லாண்டு ஓட்டிய முதியவர் ஒருவரும் எங்களோடு வந்தார். பர்லியாரைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. மேஸ்திரி இரண்டாவது கியருக்கு மாற்றிக் காலை அழுத்தினார், என்ஜின் உறுமிற்று, வைப்பர் தன் கதியை விட்டுக்கொடுக்காமல் துடைத்துக்கொண்டே இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த முதியவரின் வலது காலோ, ஒவ்வொரு மேட்டிலும் தரையிலிருந்து மெல்ல மேலெழும்பித் தாழ்ந்தது. ஏற்றத்தில் கணப்பொழுது ஆக்ஸிலேட்டரை விட்டால் வைப்பர் ஒரு தடவை வீசும், அந்த ஒரு வீச்சில் அடுத்த வளைவைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அந்தக் காலுக்கு இத்தனை வருஷங்களுக்குப் பிறகும் ஞாபகம் இருந்தது. "அப்பவே இது இருந்திருந்தா எத்தனையோ பேரு வீடு போய்ச் சேந்திருப்பாங்க, தம்பி" என்று அவர் சொன்னபோது மேஸ்திரி பதில் சொல்லாமல் பாதையையே பார்த்து ஓட்டினார்.

பழைய வாகனங்களைப் பேணுகிறவர்களிடையே, ஓர் ஆணியைக்கூட மாற்றலாகாது என்ற கட்சியும், ஓடுவதற்காக எதையும் மாற்றலாம் என்ற கட்சியும் உண்டு. அவிநாசி ரோட்டில் உள்ள ஜீடி கார் அருங்காட்சியகத்தைப் போன்ற இடத்தில் நிற்கும் வண்டிக்கு முதற்கட்சியின் நியாயம் பொருந்தும். சாலையில் இறங்குகிற வண்டிக்கு, எதிரே நடந்து வருகிற மனிதனிடமும் ஒரு கடமை இருக்கிறது. அந்தக் கடமைக்கு வேண்டியதை மாற்றியே தீர வேண்டும், அதற்கு மிஞ்சி ஒன்றையும் தொடக்கூடாது. எதை மாற்றுவது என்பதைப் புத்தகம் பார்த்தும் அறியலாம். எங்கே கையை நிறுத்திக்கொள்வது என்ற விவேகத்தை, மேஸ்திரியும் வைண்டிங் செய்த பெண்மணியும் ஒயரிங் இளைஞரும் வேலை செய்யும்போது பக்கத்தில் இருந்துதான் நான் கற்றேன்.

அந்த விவேகம் இன்று அவர்களுடைய கைகளிலும், எண்ணெய்க்கறை படிந்த சில நோட்டுகளிலும் மட்டுமே தங்கியிருக்கிறது. கணபதிக் கடையில் இருக்கும் நோட்டுகளில், இப்போது எவரும் தயாரிக்காத மோட்டார்களின் சுற்றுக் கணக்குகள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. அவற்றைப் பிரதி எடுத்து வைத்தவர் யாருமில்லை. தொழிற்பயிற்சி நிலையங்களும் பாலிடெக்னிக்குகளும் தங்கள் மாணவர்களில் சிலரையாவது இத்தகைய பட்டறைகளுக்கு அனுப்பி, பார்த்ததைப் படத்தோடும் அளவோடும் எழுதி வாங்க வேண்டும். பழைய வண்டிகளுக்காக ஆர்வத்தோடு செலவிடுகிறவர்கள், அவற்றை ஓட வைக்கிறவர்களின் கணக்குகளைக் காப்பதற்கும் அதில் ஒரு சிறு பங்கை ஒதுக்க வேண்டும். அந்தப் பெண்மணியிடம் இதைச் சொன்னபோது, எழுதிக்கொள்ள வருகிறவர்களுக்கு நோட்டைத் தரத் தமக்குத் தடையில்லை என்றார். வருகிறவர்கள் விரைவில் வர வேண்டும்.