தங்கைக்கு நான் செய்த அநியாயம்

2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது. அதைவிட, அந்தத் தடையை என் தங்கை ஆதரித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அலங்காநல்லூர், பாலமேடு வாடிவாசல்களைப் பார்த்து வளர்ந்தவள் இப்படிப் பேசலாமா என்று கொதித்தேன்.

அவள் சொன்னது இவ்வளவுதான்: "மாடு பிடிக்கவே கூடாதுன்னு சொல்லலண்ணே. வாலைக் கடிக்கிறதும் கண்ணுல மொளகாப்பொடி தூவுறதும் நிக்கிற வரைக்கும் தடை இருக்கட்டும்."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. அப்படிச் செய்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அதை ஒப்புக்கொண்டால் எங்கள் பக்கம் மொத்தமாகச் சரிந்துவிடும் என்று பயந்தேன். அதனால் உறவினர்கள் கூடியிருந்த காதுகுத்து வீட்டில், "எந்த அமைப்புகிட்ட காசு வாங்கினே?" என்று கேட்டேன். அவள் எழுந்து போய்விட்டாள். அதன்பிறகு என்னிடம் காளைகளைப் பற்றி அவள் வாய் திறந்ததே இல்லை.

2017 ஜனவரியில் தடையை எதிர்த்து மெரினாவிலும் மதுரை தமுக்கத்திலும் கூட்டம் திரண்டது. அந்த மாதமே சட்டமன்றத்தில் ஜல்லிக்கட்டை அனுமதிக்கும் சட்டம் நிறைவேறியது. 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தச் சட்டம் செல்லும் என்றது. வென்றுவிட்டோம் என்ற பூரிப்போடு தீர்ப்பைப் படிக்க உட்கார்ந்தேன். புதிய சட்டமும் விதிகளும் காளைகள் படும் வதையைப் பெருமளவு குறைத்துவிட்டன. அதனால் அனுமதிக்கலாம் என்பதே அதன் சாரம். கால்நடை மருத்துவர் சோதனை, இரட்டைத் தடுப்பு, மாட்டைச் சீண்டும் பொருட்களுக்குத் தடை என்று விதிகள் வந்திருந்தன. அவள் கேட்டதைச் செய்ததால்தான் ஆட்டம் பிழைத்திருக்கிறது.

வாடிவாசல் இல்லாமல் போனால் புலிக்குளம் காளையைக் கட்டித் தீனி போட யாருக்கும் மனம் வராது என்று இன்றும் நம்புகிறேன். அதை அவளிடம் பொறுமையாகச் சொல்லியிருந்தால் காது கொடுத்துக் கேட்டிருப்பாள். நான் சொல்லவே இல்லை. எதிர்க்கருத்து வந்தால் கருத்தை விட்டுவிட்டுச் சொன்னவரின் நோக்கத்தைத் தோண்டுவது எனக்குப் பழக்கமாகியிருந்தது. அலுவலகத்தில், நண்பர்களிடம் எல்லாம் இதையே செய்திருக்கிறேன். இப்போது, "நீங்க சொல்றது இதுதானே?" என்று கேட்டு, அவர் ஆமாம் என்ற பிறகே பதில் சொல்லப் பழகுகிறேன். கோபம் வந்தால் இன்னும் தவறிவிடுகிறது.

அன்று காதுகுத்து வீட்டில் இருந்த உறவினர்கள் இதைப் படிப்பார்கள். அவர்களுக்குச் சொல்கிறேன்: என் தங்கை யாரிடமும் காசு வாங்கவில்லை. நான் சொன்னது பொய். அவள் சொன்னது உண்மை.