அம்மா எறிந்த சன்ஸ்கிறீன்

மெல்பேர்ணில் டிசம்பர் வெயில். கடற்கரைக்கு வெளிக்கிடும்போது பார்த்தால் பையில் சன்ஸ்கிறீன் இல்லை.

"குப்பையில போட்டுட்டன் பிள்ளை. அது இரத்தத்தில கலக்குதாம், வட்ஸ்அப்பில வந்தது. எங்கட கறுப்புத் தோலுக்கு என்னத்துக்கு?" என்றார் அம்மா. போன வருஷம் என் கழுத்து எரிந்து உரிந்தபோது மருந்து பூசியவரும் அவர்தான்!

வாதாடத் தேடினேன். அம்மா சொன்னதில் பாதி உண்மை. 2019இல் வெளிவந்த அமெரிக்க எஃப்டிஏ ஆய்வில் 24 பேர் நான்கு நாள், நாளுக்கு நான்கு தடவை, உடம்பின் 75 வீதத்தில் பூசினார்கள். ஒக்சிபென்சோன் உட்பட, சோதித்த நான்கு இரசாயனங்களும் இரத்தத்தில் 0.5 நனோகிராம் என்ற எல்லையைத் தாண்டின. அந்த எல்லை நஞ்சின் அளவு அல்ல. தாண்டினால் மேலும் சோதிக்க வேண்டும், அவ்வளவுதான். பூசுவதை நிறுத்தச் சொல்லவில்லை.

மற்றப் பாதி பிழை. தோல் புற்றுநோய் எங்களுக்குக் குறைவு, ஆனால் வந்தால் பிந்தித்தான் கண்டுபிடிபடுகிறது.

சமரசமாக, தோலுக்குள் அநேகமாக இறங்காத சிங்க் ஒக்சைட் வாங்கினேன். முகமெல்லாம் சாம்பல்.

"திருநீறு அள்ளிப் பூசின மாதிரிக் கிடக்கு," என்று சிரித்தார் அம்மா. பிறகு ரியூப்பை வாங்கி, "கழுத்தை விட்டிட்டாய், திரும்பு" என்றார்.