ஏர்போர்ட்டிலிருந்து டவுனுக்கு: கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும்



மே மாத லீவு நெருங்கினால் என் செல்போனுக்கு ஒரே கேள்விதான் வரும். "டீச்சர், கோயமுத்தூர் ஏர்போர்ட்ல இறங்கி டவுனுக்கு எப்படிங்க வர்றது?" கேட்பவர்களில் பாதிப் பேர் இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். பெங்களூரிலும் துபாயிலும் இருந்துகொண்டு சொந்த ஊருக்குள் வர வழி கேட்கிறார்கள். முப்பத்து நாலு வருஷம் புவியியல் சொல்லிக்கொடுத்தவளிடம் வழி கேட்டால் ஒரு வரியில் பதில் வராது. வகுப்பில் கொட்டாவி விட்டவர்கள் இங்கேயும் விட்டுக்கொள்ளலாம், பெஞ்சு மேல் ஏறச் சொல்ல மாட்டேன்.

முதலில் நான் திருப்பிக் கேட்பது: எந்த டவுனுக்குக் கண்ணு?

நம்ம ஊருக்கு ஒரு நடு கிடையாது. என் மாமியாருக்கு "டவுன்" என்றால் டவுன்ஹால், ஒப்பணக்கார வீதி, கோனியம்மன் கோயில். 1892-ல் கட்டிய அந்த டவுன்ஹால் கட்டடத்தைச் சுற்றியுள்ள கடைவீதிதான் அவருக்கு ஊர். காலேஜ் போன பிள்ளைகளுக்கு டவுன் என்றால் காந்திபுரம். ரயில் ஏறுகிறவர்களுக்கு ஜங்ஷன். ஏர்போர்ட்டிலிருந்து இவை எல்லாமே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் தப்பான டவுனுக்குப் போனால் இன்னொரு அரை மணி நேரம் போய்விடும்.

அதிலும் வெளியூருக்கு பஸ் பிடிக்கிறவர்கள் கவனியுங்கள். ஊட்டி, மேட்டுப்பாளையம் போகிறவர்களுக்கு மேட்டுப்பாளையம் ரோடு பஸ் ஸ்டாண்ட். பொள்ளாச்சி, பாலக்காடு என்றால் உக்கடம். மதுரை, திருச்சி என்றால் சிங்காநல்லூர். அதற்கு டவுனுக்குள்ளேயே வர வேண்டாம், ஹோப் காலேஜிலிருந்து காமராஜர் ரோட்டில் திரும்பினால் போதும். அவினாசி, திருப்பூர், பெருந்துறைப் பக்கம் போகிறவர்கள் அவினாசி ரோட்டுக்கு வந்து எதிர்த்திசையில் நின்றாலே ஆயிற்று. என் நாத்தனார் மகன் பெருந்துறைக்குப் போக காந்திபுரம் வரைக்கும் காரில் வந்து, பஸ் ஏறி, அதே ரோட்டில் ஏர்போர்ட் திருப்பத்தைத் தாண்டிப் போனான். படித்தது எம்.பி.ஏ.

இனி எதில் வருவது? வாடகைக் கார், செல்போன் செயலியில் கூப்பிடுகிற கார், ஆட்டோ, எல்லாம் இருக்கிறது. நம்ம ஊர் ரெட் டாக்சியும் இருக்கிறது. கட்டணம் நேரத்துக்கு நேரம் மாறும், அதனால் நான் எதுவும் எழுதவில்லை. ஏறுவதற்கு முன்னால் தொகையைக் கேட்டுக்கொள்ளுங்கள், வண்டி எண்ணை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், அவ்வளவுதான். மெட்ரோ ரயில் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: 2025 நவம்பரில் மத்திய அரசு அந்தத் திட்டத்தைத் திருப்பி அனுப்பிவிட்டது. இப்போதைக்கு அதை நம்பிப் பெட்டி கட்ட வேண்டாம்.

பஸ்தான் எனக்குப் பிடித்தது. ஏர்போர்ட் வாசலிலிருந்து அவினாசி ரோடு ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. கையில் ஒரு பைதான் என்றால் இருபது நிமிஷத்தில் நடந்துவிடலாம். வந்து சேரும் இடம் "சித்ரா". யாரோ ஒரு அம்மிணி பெயர் என்று நினைக்காதீர்கள். 1956-ல் தொடங்கிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கத்தின் ஆங்கில முதலெழுத்துகள் அவை. அதன் முகவரியில் இன்றைக்கும் "ஏரோட்ரோம் போஸ்ட்" என்றுதான் இருக்கிறது. 1940-ல் இங்கே விமானத்தளம் வந்தபோது ஒட்டிக்கொண்ட பெயர். 2012-ல் பன்னாட்டு விமான நிலையம் என்று அறிவித்த பிறகும் தபால்காரருக்கு அது ஏரோட்ரோம்தான்.

சித்ராவில் டவுன் பஸ் ஏறினால் கண்டக்டர் கத்துகிற பெயர்களைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். "ஹோப்ஸ், ஹோப்ஸ் எறங்கு" என்பார். இறங்கித் தேடினால் அந்தப் பெயரில் காலேஜ் எதுவும் இருக்காது. 1945-ல் ஜி.டி. நாயுடு முயற்சி எடுத்து, அன்றைய சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கினார். அதுதான் பிற்பாடு தடாகம் ரோட்டுக்குப் போய் அரசு தொழில்நுட்பக் கல்லூரி ஆயிற்று. காலேஜ் இடம் மாறிவிட்டது, கவர்னர் சீமைக்குப் போய்விட்டார், பெயர் மட்டும் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறது.

அதைத் தாண்டினால் பி.எஸ்.ஜி. டெக், கிருஷ்ணம்மாள் காலேஜ். இவை இருக்கின்றன, நல்லாவே இருக்கின்றன. அப்புறம் "எஸ்ஸோ பங்க்". எஸ்ஸோ கம்பெனியை 1974-ல் அரசு எடுத்து இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆக்கிவிட்டது. அரை நூற்றாண்டு கழித்தும் நமக்கு அது எஸ்ஸோ பங்க். "நவஇந்தியா" என்பது ஒரு தமிழ் நாளிதழ். இன்று பத்திரிகை இல்லை, நிறுத்தம் இருக்கிறது. "லட்சுமி மில்ஸ்" 1910-ல் ஆரம்பித்தது. அந்த வளாகத்தில் இப்போது கடைகளும் சாப்பாட்டு இடங்களும். மில் சங்கு ஊதினால் உலை வைத்த குடும்பங்கள் இதைப் படிக்கிறவர்களில் எத்தனை பேர் வீடு என்று எனக்குத் தெரியும்.

புதிதாக வருகிறவர்களுக்கு இந்தப் பெயர்களைத்தான் முதலில் சொல்லித்தர வேண்டும். டிரைவரும் கண்டக்டரும் ரோட்டோரப் பூக்காரம்மாவும் இந்தப் பெயர்களில்தான் வழி சொல்வார்கள். செல்போன் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு "காலேஜ் எங்கே, மில் எங்கே" என்று தேடினால் அலைச்சல்தான்.

இப்போது இவை எல்லாவற்றுக்கும் மேலே பாலம். கோல்டுவின்ஸிலிருந்து உப்பிலிபாளையம் வரை 10.1 கிலோமீட்டர், 1,791 கோடி ரூபாய். 2025 அக்டோபர் 9-ம் தேதி திறந்து ஜி.டி. நாயுடு மேம்பாலம் என்று பெயர் வைத்தார்கள். அவர் தொடங்கிய காலேஜின் பெயர் கீழே நிறுத்தத்தில், அவர் பெயர் மேலே பாலத்தில். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் நடுவே ஒற்றைப் பஸ் ஓட்டி ஆரம்பித்த மனிதருக்கு ரோடு பொருத்தமான மரியாதைதான். காரில் வந்தால் முக்கால் மணி நேரம் பிடித்த வழி இப்போது பத்துப் பன்னிரண்டு நிமிஷம். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் ரயிலைப் பிடிக்கிறவர்களும் தயங்காமல் மேலே போங்கள். மற்றவர்கள் ஒரு தடவையாவது கீழே வாருங்கள் என்பது என் கட்சி.

இதையெல்லாம் இவ்வளவு நீளமாக எழுத ஒரு காரணம் உண்டு. நம்ம பக்கத்தில் யாராவது விமானத்தில் வந்தால் வழி கேட்கிற பேச்சே இருக்காது. ஒருத்தர் வர, ரெண்டு கார் நிறையச் சனம் போய் நிற்கும். தாத்தா, அம்மாயி, எதிர்வீட்டுப் பையன், ஒரு தூக்குப்போசியில் சாப்பாடு. வழி தெரிய வேண்டியது யாரும் கூப்பிட வராதவர்களுக்குத்தான்.

போன கார்த்திகையில் ஒரு செய்தி வந்தது. என் பழைய மாணவி. பெயர் வேண்டாம், அவளைக் கேட்டுக்கொண்டுதான் இவ்வளவும் எழுதுகிறேன். 2016-ல் அவள் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டு போனவள். பையன் வேறு சாதி. அதற்குப் பிறகு வீட்டு வாசலை மிதிக்கவில்லை, மிதிக்க விடவில்லை. ஷார்ஜாவில் வேலை. அப்பாவுக்கு மூளையில் ரத்தக்கசிவு, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று யாரோ சொல்லித் தெரிந்திருக்கிறது. "டீச்சர், நாளைக்கு விடியக்காலம் வந்து எறங்கறேன். வெளிய வந்து எப்படிப் போறது? ஒருதடவையும் நான் ஏர்போர்ட்ல நம்ம ஊருக்கு வந்ததில்லைங்க."

அந்த வீட்டு வாசலில் ரெண்டு கார் நிற்கிறது. எனக்குத் தெரியும்.

"நான் வர்றேன் சாமி" என்றேன். "வேண்டாங்க டீச்சர். அப்புறம் உங்களையும் பேசுவாங்க" என்றாள். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. வழி மட்டும் சொன்னேன். இருட்டோடு வெளியே வராதே, வெளியே வந்தால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள், பெட்டி வரும் பெல்ட்டுப் பக்கமே விடியும் வரை உட்கார். வெளுத்ததும் சித்ராவுக்கு நடந்து வா. முகப்பில் பிங்க் கலர் அடித்த டவுன் பஸ் வரும், ஏறு. ஹோப்ஸ், எஸ்ஸோ பங்க், நவஇந்தியா, லட்சுமி மில்ஸ் என்று எண்ணிக்கொண்டே வா. அதற்கடுத்து அண்ணா சிலையில் இறங்கு. பத்தாம் வகுப்பில் ஆறுகளின் பெயரை ஒப்பித்த மாதிரி அவளும் திருப்பிச் சொன்னாள்.

காரில் வா என்று நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொன்னேன். அவள்தான் பஸ் என்றாள். காரில் சீக்கிரம் போய்விடுவேன் டீச்சர், அங்கே போய் யார் முகத்தில் முழிப்பேன் என்றாள். பார்வையாளர் நேரம் பதினொரு மணிக்குத்தான். அதுவரைக்கும் அவளுக்குப் போக இந்த ஊரில் ஒரு வீடு இல்லை.

காலையில் முதல் ஆட்டோவில் நான் அண்ணா சிலைக்குப் போய் நின்றேன். பேசுகிறவர்கள் பேசட்டும். எனக்குப் பென்ஷன் அவர்கள் தருவதில்லை.

இறங்கினவள் கையில் ஒரு டிக்கெட். பூஜ்ஜியம் ரூபாய். அவள் கண்டக்டரிடம் நூறு ரூபாயை நீட்ட, "லேடீஸுக்குக் காசு இல்லீங்க. தெரியாதுங்ளா? வெளியூருங்களா?" என்று கேட்டிருக்கிறார். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அவள் போன பிறகு வந்தது. "ஆமாங்க, வெளியூருதான்னு சொல்லிட்டேன் டீச்சர்" என்று சொல்லும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. நிறுத்தத்தில் நின்ற ரெண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் பையை வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்குக் கூட்டிவந்து குளிக்கச் சொல்லி, ராகிக்களியும் கீரைக்கடைசலும் போட்டேன். பஸ்ஸில் வந்த கதையை அப்போதுதான் சொன்னாள். பாலத்துத் தூண்கள் வந்துவிட்டதால் ரோடே அடையாளம் தெரியவில்லையாம். பெயர்களைக் கேட்டுத்தான் எங்கே இருக்கிறோம் என்று புரிந்ததாம். கிருஷ்ணம்மாள் பக்கம் வந்தபோது, காலேஜ் பிள்ளைகள் ஏறுவார்கள் என்று தன்னையறியாமல் சன்னலோரம் ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறாள். அந்த நேரத்துக்கு யார் ஏறப் போகிறார்கள்? மூணு வருஷம் அந்த ஸ்டாப்பில் ஏறி இறங்கினவள்.

பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரி வாசல் வரை கூடப் போனேன். மாடிப்படியில் அவள் அம்மா உட்கார்ந்திருந்தார். இவளைப் பார்த்ததும் எழுந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. இவள் தோளில் கிடந்த துப்பட்டாவைச் சரிசெய்துவிட்டார். அப்பாவுக்கு நினைவு இருந்தது, பேச்சு வரவில்லை. இவள் பக்கம் பார்த்தார், கை அசைந்தது என்று அவள் சொன்னாள். அதற்கு மேல் அது அவர்கள் வீட்டு விஷயம். நான் கீழே வந்து ஒரு காபி குடித்தேன்.

நாலு நாள் இருந்தாள், என் வீட்டில்தான். அப்பா இப்போது வீட்டில் இருக்கிறார், கோல் ஊன்றி நடக்கிறார்.

கிளம்பின அன்று ராத்திரி ஆட்டோ சொல்லலாம் என்று நான் செல்போனை எடுத்தேன். வாசலில் ஒரு கார் வந்து நின்றது. அவள் தம்பி. இவள் போகும்போது ஒன்பதாம் வகுப்பு, இப்போது மீசை வைத்திருக்கிறான். அவனும் என்னிடம் படித்தவன்தான். "டீச்சர், நான் உட்டுட்டு வர்றனுங்க" என்றான். அவளைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை, பெட்டியை எடுத்து டிக்கியில் வைத்தான்.

உள்ளே போனதும் அவளிடமிருந்து செய்தி வந்தது. "மேம்பாலத்து வழியா வந்தோம் டீச்சர். பத்தே நிமிஷம். அவன் என்னமோ பேச ஆரம்பிச்சான், அதுக்குள்ள ஏர்போர்ட் வந்திருச்சு."

மறுநாள் காய்கறிக் கடையில் தம்பியைப் பார்த்தேன். "அடுத்த தடவை கீழ் ரோட்டுல கூட்டிட்டு வா கண்ணு" என்றேன். சரிங்க டீச்சர் என்று தலையை ஆட்டினான்.

வருகிறவர்கள் யாராக இருந்தாலும் முன்கூட்டியே ஒரு செய்தி போடுங்கள். விடியக்காலம் ஆனாலும் பரவாயில்லை, நான் நாலரைக்கே எழுந்துவிடுவேன். அண்ணா சிலை நிறுத்தம் என் வீட்டிலிருந்து ஆட்டோவில் எட்டு நிமிஷம்.