இருளில் ஓர் அடிவானம்
இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

கிழக்குத் தாம்பரத்தில் குடியிருப்பவர்களுக்கு விமானச் சத்தம் புதிதன்று. பறக்கக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கே பயிற்சி தரும் விமானப்படைப் பள்ளி, 1948இல் அம்பாலாவில் தொடங்கி, 1954இல் நம் தாம்பரத்துக்கு வந்தது. அந்த விமானங்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு நெடுநாளாக ஒரு கேள்வி உண்டு. பகலில் ஏரியும் ரயில் பாதையும் வழி காட்டும். இரவில், மேகத்துக்குள், விமானி எதைப் பார்த்து ஓட்டுகிறார்?

கண் தெரியாவிட்டால் என்ன, சாய்வது உடம்புக்குத் தெரியாதா என்று கேட்கலாம். தெரியாது என்பதே உண்மை. நம் உட்செவியில் மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. அவற்றிலுள்ள திரவத்தின் அசைவே நாம் திரும்புவதை மூளைக்குச் சொல்கிறது. விமானம் ஒரே சீராகத் திரும்பிக்கொண்டிருந்தால், சிறிது நேரத்தில் அத்திரவமும் குழலோடு சேர்ந்து சுழலத் தொடங்கிவிடும். நேராகப் போவதாகவே தோன்றும். பிறகு விமானத்தை நேராக்கினாலோ, எதிர்ப்பக்கம் திரும்புவதாகத் தோன்றும்! பகலில் கண் இந்தப் பொய்யைத் திருத்திவிடும். இருளில் திருத்த ஆளில்லை.

அந்த வேலையைச் செய்யத்தான் கருவிகள். நாம் பாடத்தில் படித்த திரவமில்லாப் பாரமானியே அங்கு உயரமானியாக இருக்கிறது. வேகமாகச் சுழலும் கைராஸ்கோப் தன் அச்சின் திசையை விடாது காக்கும் என்று படித்தோமே, அதுவே செயற்கை அடிவானமாகிறது. 1929 செப்டம்பர் 24ஆம் நாள், அமெரிக்காவில் ஜிம்மி டூலிட்டில் என்பவர் மூடப்பட்ட இருக்கையில் அமர்ந்து, வெளியே எதையும் காணாமல், கருவிகளை மட்டுமே கொண்டு மேலெழுந்து, பறந்து, தரையிறங்கிக் காட்டினார்.

கருவியே பொய் சொன்னால்? 1978 ஜனவரி 1ஆம் நாள் இரவு பம்பாயிலிருந்து புறப்பட்ட ஏர் இந்தியாவின் 'எம்பரர் அசோகா' கடலில் விழுந்து 213 பேர் மாண்டனர். கேப்டனின் செயற்கை அடிவானம் பழுதாகி, விமானம் வலப்புறம் சாய்ந்திருப்பதாகக் காட்டியது. அவர் இடப்புறம் சாய்த்தார். ஆகவே ஒரு கருவியை மட்டும் நம்பாமல், ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டுக்கொண்டே இருப்பதுதான் இப்பாடத்தின் உயிர்நாடி.

எங்கள் வீட்டில் பட்டப்படிப்பு என்னோடுதான் தொடங்குகிறது. அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்டால், "படிச்ச புள்ள நீ, நீயே பாத்துக்க" என்கிறார் அப்பா. முன்னே போனவர் தடம் ஏதும் இல்லை. விமானப்படைப் பொது நுழைவுத் தேர்வு எழுத எண்ணியிருக்கிறேன். "நமக்கெல்லாம் எங்கே கிடைக்கும்?" என்கிறார்கள் தெருவில். சில நாள் என் மனமே அப்படிச் சொல்கிறது. அதுவும் உட்செவி சொல்லும் சேதி போன்றதுதான்! என் மதிப்பெண், பேராசிரியர்கள் சொல், தேர்வின் விதிகள் ஆகிய மூன்றும் என் கருவிகள். பன்னிரண்டாம் வகுப்பில் கணிதமும் இயற்பியலும் படித்துத் தேறிய பட்டதாரிக்கு வாசல் திறந்திருக்கிறது என்றே விதிகள் சொல்கின்றன. மற்ற இரண்டும் அதை மறுக்கவில்லை. கிடைக்குமா என்பது வேறு. விண்ணப்பம் எழுதும் நாளில் மனத்தைக் கேட்க மாட்டேன், இவற்றையே கேட்பேன்.