பிணைத்த நாதம்

வயலின் வில்லைச் சற்றே அழுத்தி இழுக்கிற வித்வானின் கையில் ஓசை மாத்திரம் பெருகுவதில்லை. அதனோடு கூடவே மேற்சுரங்களும் வலுப்பெற்று நாதத்தின் வர்ணமே பிரகாசமடைகிறது. இயற்கையில் இவ்வாறு இணைபிரியாதிருந்த அம்சங்களைத் தனித்தனியே பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு குமிழ் அமைத்துத் தந்தது சிந்தசைசர். 1970-இல் வெளிவந்த மினிமூக் சிந்தசைசரின் பலகையில் அக்குமிழ்கள் கைக்கெட்டும் தூரத்தில் வரிசையாக இருந்தன; 1983-இல் வந்த யமஹா டிஎக்ஸ்7-இலோ, பொத்தானை அழுத்தி ஓர் அம்சத்தைத் தேர்ந்து, அதன் அளவை மாற்றிய பிறகே அடுத்ததற்குச் செல்ல வேண்டியதாயிற்று. இன்றைய இசை மென்பொருளில் எண்ணற்ற அம்சங்கள் திரை முழுதும் விரிந்து கிடந்தாலும், சுட்டியால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பற்ற முடிகிறது.

பிரிந்தவற்றை நம் விருப்பப்படி மறுபடியும் பிணைக்கும் சாதனமாகவே, பல அம்சங்களை ஒருங்கே இயக்கும் மேக்ரோ குமிழை நான் போற்றுகிறேன். ஏபிள்டன் லைவ் மென்பொருளில் கருவிகளை ஒன்றாகத் தொகுக்கும் ராக்குகளில் முதலில் 8 மேக்ரோக்கள் இருந்தன; 2021-இல் வந்த 11-ஆம் பதிப்பில் அவை 16 வரை பெருகின. சீரம் என்னும் சிந்தசைசரோ நான்குடனேயே வெளிவந்தது. நான்கே உத்தமம் என்பது என் அபிப்பிராயம். எதை எதனோடு சேர்ப்பது என்று சிந்திக்கும்படி நம்மை நிர்ப்பந்திப்பது அந்தச் சுருக்கமே.

உதாரணமாக, பின்னணியில் நீண்டு ஒலிக்கும் ஒரு நாதத்தை எடுத்துக்கொள்வோம். குமிழை வலப்புறம் திருப்பத் திருப்ப, மேற்சுரங்களைத் தடுத்து வைத்திருக்கும் ஃபில்டர் திறந்து ஒலி தெளிவடையவும், அதே வேளையில் அறையின் எதிரொலிப்பைப் போன்ற ரிவெர்ப் குறைந்து அந்த ஒலி நம்மை நோக்கி நெருங்கி வரவும் வேண்டுமானால், இரண்டையும் ஒரே மேக்ரோவில் இணைத்து, ரிவெர்ப்பின் திசையைத் தலைகீழாக்கிவிட வேண்டும். ஆயினும் கலையின் சூட்சுமம் இணைப்பதைக் காட்டிலும் எல்லை வகுப்பதிலேயே இருக்கிறது. ஃபில்டரை அதன் முழு வீச்சிலும் ஓடவிட்டால் குமிழின் பெரும்பகுதி பயனற்றுப் போகும். 400 ஹெர்ட்ஸ் முதல் 3000 ஹெர்ட்ஸ் வரை என்று வரம்பிட்டாலோ, எந்த இடத்தில் நிறுத்தினாலும் இசைக்கு உகந்த ஒரு நிலை கிட்டும். மேக்ரோவை இயக்கும் வெளிப்புறக் கருவியின் குமிழ், இசைக்கருவிகளும் கணினியும் செய்தி பரிமாறும் வழக்கமான மிடி முறையில் 0 முதல் 127 வரை 128 படிகளையே அனுப்புகிறது. ஆதலால் வரம்பு குறுகக் குறுக ஒவ்வொரு படியும் நுண்ணியதாகி, மெல்லத் திருப்பும்போது ஒலி விட்டுவிட்டுத் தாவும் குறையும் தணிகிறது.

இவற்றோடு மூன்றாவதாக ஒலியளவையும் சேர்த்து, ஃபில்டர் திறக்கும்போது அது சிறிதளவு தணியுமாறு செய்வது என் வழக்கம். உரக்க ஒலிப்பதையே சிறந்ததென்று கொள்வது செவியின் சுபாவமாகையால், அந்த ஈடு இல்லாவிடில், நம்மைக் கவர்ந்தது வர்ணத்தின் மாறுதலா, வெறும் சத்தத்தின் பெருக்கமா என்று நிச்சயிப்பது மிகவும் கடினம்.