ஏதுப் போலி

நவம்பர் 3, 2025, திங்கள்

அக்கா மகளுக்கு டிசம்பர் 7 அன்று கிளாட் எனும் சட்ட நுழைவுத் தேர்வு. திருச்சியிலுள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் சேர இதை எழுதியாக வேண்டும். இரண்டு மணி நேரம், 120 கேள்விகள். தருக்கப் பகுதியில் மட்டும் 22 முதல் 26 வரை வரும். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போகும். மாதிரித் தேர்வாக எழுதிக் குவிக்கிறாள், மதிப்பெண் நகரவில்லை. தவறிய கேள்விக்குச் சரியான விடையைப் பார்த்ததும் அடுத்த தாளுக்குப் போய்விடுகிறாள். அங்கேதான் நிற்க வேண்டும்.

நவம்பர் 5, புதன்

புதுத் தாள் வேண்டாமென்றேன். தவறிய பத்திகளை எடுத்து, எது முடிவு, எது காரணம் என்று தமிழில் எழுதச் சொன்னேன். தேர்வு ஆங்கிலத்தில்தான். ஆனாலும் வாதம் பிடிபட்டதா என்பது தன் பேச்சில் சொல்லும்போது தெரிந்துவிடுகிறது. பல இடங்களில் காரணத்தையே முடிவாக எடுத்திருக்கிறாள்.

நவம்பர் 8, சனி

கொல்லைக் கிணறு உப்புக் கரிக்கிறது. "மோட்டார் போட்ட பிறகுதான் இப்படி" என்றார் அத்தான். எங்கள் ஊரான போலகத்துக்குக் கடல் பக்கம். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். அதையே அவளுக்குக் கேள்வியாக்கினேன்: இந்த வாதத்தை எது பலவீனமாக்கும்?

"மோட்டார் இல்லாத பக்கத்து வீட்டுக் கிணறும் அப்பவே உப்பாயிருந்தா, மாமா."

பலப்படுத்துவது?

"மோட்டாரை நிறுத்தி வச்சா உப்பு குறையணும்."

மோட்டார் விலை அதிகம் என்பது உண்மையே என்றாலும் வாதத்தைத் தொடாது. அப்படிப்பட்ட உண்மைகளைத்தான் தேர்வில் தவறான விடைகளாக வைக்கிறார்கள்.

நவம்பர் 11, செவ்வாய்

மணிமேகலையின் 29ஆம் காதையை எடுத்துக் காட்டினேன். அதில் பௌத்தத் துறவி அறவண அடிகள் பக்கம் (நிலைநாட்ட வேண்டிய முடிவு), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) என்று வாதத்தின் உறுப்புகளைச் சொல்லி, ஒவ்வொன்றிலும் போலி எப்படி நுழையும் என்பதையும் விரிக்கிறார். ஏதுப் போலி மூன்று வகை: நிலைநாட்டப்படாத காரணம் அசித்தம், இரு பக்கமும் பொருந்துவது அநைகாந்திகம், எதிர்முடிவுக்கே கொண்டுபோவது விருத்தம். நம் பிள்ளைகளுக்கு இதைக் கதையாக மட்டும் சொல்லிக் கொடுக்கிறோமே என்று வருத்தமாக இருந்தது. அவள் நோட்டில் மூன்று கட்டம் போட்டு, தான் ஏமாந்த விடைகளைப் பிரித்து எழுதினாள். பெரும்பாலானவை இரண்டாம் கட்டத்தில் விழுந்தன.

நவம்பர் 23, ஞாயிறு

"பத்தியில 'பலர்'னு இருக்கு மாமா, விடையில 'எல்லாரும்'னு மாத்திட்டாங்க." நான் சொல்லாமலே கண்டுபிடித்துவிட்டாள்! இனி வேகம்தான் பாக்கி. நாளையிலிருந்து கடிகாரம் வைத்துப் பயிற்சி.